கோகிலவாணி தோண்டிய குழி

கோகிலவாணிக்கு நாற்பத்து நாலு வயது. பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பாவு ஓட்டும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒன்று அறுந்தால் அவள் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். அந்தக் கண்தான் அவளை இந்த வேறொரு வேலைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஆடிப் பதினெட்டு அன்று அவளுடைய நாத்தனாரின் தாலிக் குண்டு காவிரிப் படித்துறையில் விழுந்துவிட்டது. சேலத்திலிருந்து ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு வந்து அரை மணி நேரத்தில் சேற்றுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் குண்டைப் பார்த்தார்கள். கோகிலவாணி கருவியைப் பார்த்தாள். "நானொருக்கா புடிச்சுப் பாக்கறேனுங்க" என்று கேட்டு வாங்கி, ஈரமணலில் நடந்தாள். பத்தாவது அடியில் கருவி கூவியது. தோண்டினால் பச்சை பிடித்த ஒரு செப்புக்காசு. அதில் இருந்த ஆங்கில எழுத்தும் வருடமும் தெரிந்தன. இருநூறு வருடத்துக்கு முன்னால் எவர் கையிலிருந்தோ நழுவிய காசு. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சேலத்துக்காரர்தான் தண்டாயுதபாணி. இரும்புக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் துணிக்கடை ஒன்றின் மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழசு தேடுகிறவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். முப்பது பேர் வருவார்கள். ஆளுக்கொரு தட்டில் கிடைத்ததைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வார்கள். கோகிலவாணி அவரிடமே ஒரு பழைய டிடெக்டரை வாங்கினாள். அங்கே வருகிற ஒரே பெண் அவள்தான்.

அக்கம்பக்கத்து ஊர்களில் அவளுக்குத் 'தோடு தேடற அக்கா' என்று பெயராயிற்று. களை எடுக்கையில் மூக்குத்தி விழுந்தாலும், தண்ணீர் கட்டுகையில் மோதிரம் கழன்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். காசு வாங்கமாட்டாள். தேங்காயோ கடலையோ கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். தேடிக் கொடுத்த பிறகு, நிலத்துக்காரர் சம்மதித்தால், ஓரத்தில் தனக்காகவும் கொஞ்ச நேரம் தேடுவாள். அப்படிக் கிடைத்த காசுகளை ஒரு ஆல்பத்தில் செருகி வைத்திருந்தாள்.

போன மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்ததால் தறிக்கூடம் ஓடவில்லை. மல்லசமுத்திரத்துக்கு அந்தப்பக்கம் கல்லுக்காடு என்ற ஊரிலிருந்து பெரியநாயகி என்ற அம்மா கூப்பிட்டிருந்தார். கடலை பிடுங்கும்போது ஒரு தோடு காணாமல் போய் நாலு நாளாயிற்று. கோகிலவாணி ஸ்கூட்டியில் போனாள். கூடத் தேடுவதற்குக் கலையரசனும் தன் பைக்கில் வந்தான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். வேலையில்லாத மாதங்களில் ஊரில் இருப்பான். குழுவில் சேர்ந்து நாலு வருடமாகியும் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் மாட்டு லாடமும் சோடா மூடியும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனும் கூடவே சிரிப்பான். ஆனால் காது மட்டும் சிவந்துவிடும்.

"பெரியம்மா, எந்தச் சால்ல குனிஞ்சிருந்தீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"எல்லாச் சால்லயும்தான் சாமி குனிஞ்சேன். கடலைக்காட்டுல நிமுந்துட்டா இருப்பாங்க?" என்றார் பெரியநாயகி. அறுபதை நெருங்கிய ஒல்லியான உடம்பு. புருஷன் இறந்து மூன்று வருடம். மகன்கள் இருவரும் திருப்பூரில். இரண்டேக்கர் மேட்டாங்காட்டு நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்.

முக்கால் மணி நேரத்தில் தோடு கிடைத்துவிட்டது. பெரியநாயகி அதைச் சொம்புத் தண்ணீரில் கழுவி அங்கேயே காதில் போட்டுக்கொண்டார். "இருங்க, டீ வெச்சுட்டு வாரேன்" என்று வீட்டுப்பக்கம் திரும்பினார்.

"பெரியம்மா, அந்தக் கரட்டோரம் ஒரு சுத்துப் பாத்துக்கட்டுங்களா?" என்று கலையரசன் கேட்டான்.

"பாத்துக்க. பாம்பு கெடக்கும், காலைப் பாத்து வெய்யி."

கரட்டோரத்தில், பாறை மேட்டை ஒட்டி, உழவு போகாத ஒரு துண்டு நிலம். கோகிலவாணியின் டிடெக்டர்தான் கூவியது. ஆணிக்கும் தகரத்துக்கும் கேட்கிற வெட்டி வெட்டிப் போகும் சத்தம் இல்லை. நின்று நிதானமாகக் கூவும் சத்தம். எந்தப் பக்கமிருந்து ஆட்டினாலும் அதே இடம். கலையரசன் களைக்கொத்தால் கொத்தினான். ஒன்றரை அடிக்குக் கீழே ஒரு பலகைக்கல். அதைப் புரட்டினார்கள். கல்லுக்கடியில் கரும்பச்சையாக ஒரு செம்பின் வாய் தெரிந்தது. கல்லை நெம்பும்போது கொத்து பட்டதில் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. கிழிசலிலிருந்து மண்ணோடு மண்ணாகச் சில பொட்டுகள் உதிர்ந்தன. கொள்ளுப் பருப்பை நசுக்கியது போல ஒவ்வொன்றும்.

கோகிலவாணி ஒன்றை எடுத்து முந்தானையில் தேய்த்தாள். மஞ்சளாக மின்னியது. ஒரு பக்கம் வளைவும் கோடும், மறுபக்கம் வரிசையாகப் புள்ளிகள். வீரராயன் பணம். பழங்காலத்துத் தங்கப் பொடிக்காசு. தண்டாயுதபாணியின் தட்டில் ஒன்றே ஒன்று கண்ணாடிக்குள் இருக்கும். தன்னிடமிருந்த பதினோரு செப்புக்காசையும் மொத்தமாகக் கொடுத்து அந்த ஒன்றைக் கேட்டாள் ஒருமுறை. அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இரண்டு வருடமாக அதை நினைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் இப்போது ஒரு செம்பு நிறைய.

"அக்கா, சத்தம் போட்டுறாத" என்றான் கலையரசன். வீட்டுப்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். கூரை மேல் புகை வந்துகொண்டிருந்தது. அவன் கை செம்புக்குள் போய் வந்ததையும், சட்டைப்பையைத் தொட்டதையும் கோகிலவாணி பார்த்தாள்.

"பெரியம்மாகிட்டச் சொல்லோணும் தம்பி. அவிய காடு."

"சொன்னா என்னாகும்? அவிய பசங்களுக்குச் சொல்லுவாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரே கூடும். அதிகாரிக வருவாங்க. கொண்டுபோயி ஒரு பீரோவுல வெச்சுப் பூட்டுவாங்க. அப்பறம் ஒரு மனுசன் கண்ணுல படாது. நம்ம கையில இருந்தா தொட்டுப் பாப்போம், நாலு பேருகிட்டக் காட்டுவோம். இதோட அருமை தெரிஞ்சது நமக்குத்தானக்கா?"

அவன் சொன்னதில் பாதியை அவளும் பலமுறை நினைத்திருக்கிறாள். உள்ளங்கையில் இருந்த காசை மூடிக்கொண்டாள். மூடிய கை சுட்டது.

அதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான். குழியைப் படம் பிடித்து, இடத்தின் லொகேஷனையும் சேர்த்துத் தண்டாயுதபாணிக்கு அனுப்பினான். ஒரு நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் பதறாமல் வந்தது. "யாரும் எதையும் தொடாதீங்க. அந்தம்மாகிட்ட வாய் திறக்காதீங்க. நான் காரெடுத்துட்டேன். ஒரு மணி நேரம்."

"எதுக்குடா அவருக்குச் சொன்ன?"

"கிடைச்சதை மொதல்ல குழுவுக்குத்தானக்கா சொல்லோணும்? நாலு வருசமா எனக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

பெரியநாயகி இரண்டு டம்ளரோடு வருவது தெரிந்தது. கலையரசன் தன் துண்டைக் குழியின் மேல் விரித்தான். அந்த அம்மா கிட்டே வந்ததும் துண்டைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த பலகைக்கல்லைப் பார்த்தார். "என்னது அது?" என்றார்.

கலையரசன், "பழைய இரும்புங்க" என்று ஆரம்பித்தான். கோகிலவாணி துண்டை விலக்கினாள்.

பெரியநாயகி குனியவில்லை. இரண்டடி பின்னால் போனார். டம்ளரில் இருந்த டீ அவர் கையில் கொட்டியது. "மூடு" என்றார். "உடனே மூடு. எம்பட கொழுந்தனாரு இந்தக் காட்டுக்குக் கேசு போட்டுருக்கறாரு. பொதையல்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா என்ற காடு எனக்கில்ல. ஆளாளுக்குக் கடப்பாறையத் தூக்கிட்டு வந்துருவானுங்க. நான் ஒண்டிக்கட்டை. நீயும் பாக்கல, நானும் பாக்கல. மூடிப்போட்டுப் போங்க சாமி."

"அதுவும் சரிதானுங்க பெரியம்மா. மூடிப்போடறோம்" என்றான் கலையரசன். அவ்வளவு வேகமாகச் சொன்னான். கையில் மண்ணைக்கூட அள்ளிவிட்டான்.

அந்த வேகத்தில்தான் கோகிலவாணிக்கு எல்லாம் விளங்கியது. மூடினால் கலையரசனும் தண்டாயுதபாணியும் திரும்பி வருவார்கள். இன்றில்லாவிட்டால் நாளை மறுநாள். லொகேஷன் ஏற்கெனவே ஃபேர்லேண்ட்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து யார் யார் போனுக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? தனியாக இருக்கும் ஒரு பொம்பளையின் காடு. அதைக் காட்டிக் கொடுத்தது தன் கையில் இருக்கிற கருவி.

போனை எடுத்து நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் நம்பரைத் தேடி அழுத்தினாள். கலையரசன் எழுந்து நின்றான். களைக்கொத்து அவன் கையிலேயே இருந்தது.

"அக்கா, வெய்யி போன."

அவள் வைக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் எடுத்தார், இன்னொருவருக்கு மாற்றினார், அவர் வேறொருவருக்கு மாற்றினார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள், பெரியநாயகியின் பெயரைச் சொன்னாள். கடைசியில் பேசியவர், "யாரும் இடத்தை விட்டுப் போகாதீங்க. வி.ஏ.ஓ.வை அனுப்பறோம்" என்றார்.

பெரியநாயகி டம்ளரை மண்ணில் எறிந்தார். "எங்காட்டுல நின்னுட்டு, என்னைய ஒரு வார்த்தை கேக்காம போன் போடறயா? உன்னையத் தோடு தேடத்தான கூப்புட்டேன்?"

"மூடினாலும் வருவாங்க பெரியம்மா. இப்பவே ஒருத்தரு சேலத்துலருந்து கெளம்பியாச்சு."

"அவனுக்குச் சொன்னது ஆரு? நானா?"

கோகிலவாணி குழி ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் மூடி வைத்திருந்த அந்த ஒரு காசைச் செம்புக்குள் போட்டாள். போடும்போது நெஞ்சில் என்னவோ அறுந்தது போலிருந்தது.

மார்கழி வெயில்தான், ஆனால் கரட்டுக்கல் சூடேறி அனலடித்தது. கலையரசன் பைக் வரைக்கும் போவான், திரும்பி வருவான். ஒருமுறை குழிக்கு மிக அருகில் வந்து நின்றான். அவன் நிழல் அவள் மேல் விழுந்தது. "தள்ளுக்கா" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தள்ளவில்லை. அவன் தள்ளிவிடவும் இல்லை. ஆனால் தள்ளிவிடலாமா என்று யோசித்தது அவன் முகத்தில் தெரிந்தது. தம்பி தம்பி என்று நாலு வருடமாகப் பக்கத்தில் நடந்த ஒருவனைப் பார்த்து அன்றுதான் முதன்முதலாக அவளுக்குப் பயம் வந்தது.

பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் திரும்பினார்கள். வந்தது வெள்ளைக் கார்.

தண்டாயுதபாணி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேராகப் பெரியநாயகியிடம் போய்க் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா, பசங்க தெரியாமப் பண்ணிட்டாங்க." பிறகு குழியருகே குந்தி, பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு காசைப் பார்த்தார். அரை நிமிடம் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்தது.

"பித்தளைங்கம்மா" என்றார் எழுந்து. "ஏதோ செய்வினைக்கு மந்திரிச்சுப் பொதைச்சது. இது காட்டுல இருந்தா ஆகாது. வெள்ளாமை வராது, ஊட்டு ஆளுகளுக்கும் சுகமில்ல. நானே கொண்டுபோயி ஆத்துல விட்டுடறேன். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது."

பெரியநாயகியின் கை நெஞ்சுக்குப் போனது. புருஷன் போனது அந்தக் கணத்தில் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "எடுத்துட்டுப் போயிருங்க சாமி" என்றார் மெல்ல. "மொதல்ல எடுத்துட்டுப் போங்க."

தண்டாயுதபாணி கலையரசனுக்குக் கண்ணைக் காட்டினார். அவன் துண்டை விரித்தான்.

"பித்தளை இல்லீங்க பெரியம்மா" என்றாள் கோகிலவாணி. சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். "அத்தனையும் தங்கம். மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. அது அவருக்கும் தெரியும். இதே காசை ரெண்டு வருசமாக் கண்ணாடிக்குள்ள வெச்சுருக்கறாரு."

தண்டாயுதபாணி அவளைப் பார்த்தார். அதே பதறாத குரலில், "உன் ஆல்பத்துல இருக்கற ஒவ்வொண்ணும் எந்தக் காட்டுல எடுத்ததுன்னு எனக்குத் தெரியும்மா. அதிகாரிங்க வந்தா அதையும்தான் கேப்பாங்க. யோசிச்சுக்க" என்றார்.

கோகிலவாணிக்குக் கணவன் சரவணமுத்துவின் முகம் நினைவுக்கு வந்தது. வாசலில் போலீஸ் நிற்பது போலவும், தறிக்கூடத்தில் எல்லோரும் எட்டிப் பார்ப்பது போலவும் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

பெரியநாயகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, குழிக்கு மறுபக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டைப் பிடித்திருந்த கலையரசனின் கையைத் தட்டிவிட்டார்.

"செத்துப்போன மனுசனக் காட்டியா என்னைய ஏமாத்தறீங்க?" என்றார் தண்டாயுதபாணியிடம். "உங்களுக்குக் குடுக்கறதுக்குக் கெவுருமெண்டே கொண்டுபோவட்டும். காரை எடுங்க."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பாதையின் கோடியில் ஒரு பைக் திரும்புவது தெரிந்ததும் காரில் ஏறிவிட்டார். கலையரசனை அவர் கூப்பிடவில்லை.

வந்தது வி.ஏ.ஓ. சென்றாயன், பின்னால் தலையாரி. வி.ஏ.ஓ. இளைஞர்தான். செம்பைப் பார்த்ததும் அவருக்கும் வேர்த்துவிட்டது. எல்லோர் முன்னிலையிலும் துண்டில் கொட்டி எண்ணினார்கள், எழுதினார்கள். முடிவில் அவர் நிமிர்ந்து, "யாராச்சும் கையில எடுத்தீங்களா? இப்பவே சொல்லிட்டா நல்லது" என்றார்.

கோகிலவாணி கலையரசனின் சட்டைப்பையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். சொன்னால் அவன் மேல் வழக்கு. சொல்லாவிட்டால் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்கு அர்த்தமில்லை.

"கலை," என்றாள், "மண்ணுத் தட்டும்போது உன்ற பைக்குள்ள ஏதாச்சும் தெறிச்சு விழுந்துருக்கும். பாரு சாமி."

அவன் அவளைப் பார்த்தபடியே நின்றான். தலையாரி ஒரு அடி முன்னால் வந்தார். கலையரசன் பைக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாக ஐந்து காசுகளைத் துண்டில் வைத்தான். கடைசிக் காசை வைக்கும்போது அவன் காது சிவந்திருந்தது. சென்றாயன் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

டிடெக்டரையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் வாக்குமூலம். தொல்லியல் துறையிலிருந்து வந்திருந்த அம்மா, "இதுக்கு முன்னாடி வேற ஏதாவது கிடைச்சிருக்கா?" என்று கேட்டார். கோகிலவாணி இதை எதிர்பார்த்து, கேட்பதற்கு முன்பே ஆல்பத்தைப் பையில் கொண்டுவந்திருந்தாள். மேசை மேல் வைத்தாள். சரவணமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். முந்தின நாள் ராத்திரி அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தான்: "எல்லாத்தையும் சொல்லப் போறயா?" ஆமாம் என்றதும், "அப்ப நானும் லீவு போடறேன்" என்றான்.

அந்த அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்கே எடுத்தது, எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடு கிடந்ததா என்று கேட்டு எழுதினார். திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. "எடுத்த எடத்தை எழுதி வைக்காம எடுத்தா, காசு மட்டும்தாம்மா மிஞ்சும்" என்றார். ஆல்பத்தை வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து, இரண்டு காசுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ரசீதோடு திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் வாசலில் எந்த வண்டி நின்றாலும் அவள் எட்டிப் பார்ப்பாள். பாவு மிஷினில் இழை அறுந்தது தெரியாமல் இரண்டு முறை ஓட்டிவிட்டாள். டிடெக்டர் இன்னும் வரவில்லை.

பழசு தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து, குழி தோண்டிய அன்று மாலையே அவளை நீக்கிவிட்டார்கள். கலையரசன் தை மாதமே ரிக்கோடு மத்தியப் பிரதேசம் போய்விட்டான். மாசியில் ஒருநாள் கூப்பிட்டான். பின்னால் ரிக் ஓடும் இரைச்சல். "சும்மாதானுங்கக்கா" என்றான். அவள் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். அவ்வளவுதான் பேச்சு.

பெரியநாயகிதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தார். கரட்டோரத்தைச் சுற்றி அதிகாரிகள் கயிறு கட்டிப் பார்வையிட்டார்கள். கொழுந்தனார் வந்து சத்தம் போட்டார். பத்திரிகையில் செய்தி வந்த பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காட்டை மிதித்து நாசம் பண்ணினார்கள். ஒரு போகம் போயிற்று. இதையெல்லாம் தலையாரி மூலம் கேள்விப்பட்டாள். போன் செய்தால் அந்த அம்மா எடுக்கவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டாள். பெரியநாயகி மரவள்ளிக் குச்சியைச் சாண் அளவுக்கு வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"உன்னால ஒரு போகம் போச்சு."

"ஆமாங்க பெரியம்மா."

"கண்டவனெல்லாம் வந்து கெணத்துத் தண்ணிய எறைச்சுக் குடிச்சுட்டுப் போனான். எம்மவன் திருப்பூர்லருந்து வந்து என்னையத் திட்டறான். பத்து நாளு தூக்கமில்ல."

கோகிலவாணி நின்றுகொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவளுக்கு வாய் வரவில்லை. அன்று போன் போட்டது தப்பு என்று அவளால் இப்போதும் சொல்ல முடியாது.

பெரியநாயகி ஒரு கட்டுக் குச்சியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "வந்தவ சும்மா நின்னுட்டா எப்படி? ஆளு கெடைக்கல. அந்தக் கோடியிலருந்து ஊனிட்டு வா."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் பார் வரிசையில் இறங்கினாள். நாலு குச்சி ஊன்றியிருப்பாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தலைகீழா வெக்காத அம்மிணி. கணு மேல பாத்து இருக்கோணும்."

அவள் பிடுங்கித் திருப்பி வைத்தாள்.